அங்கே பார்க்க என்ன இருக்கு?

பினாங்கு பார்க்க வரும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு வாடிக்கையான பாதை உண்டு. வெயில் ஏறுவதற்குள் கொடிமலை. இறங்கியதும் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில். நேரம் கூடி வந்தால் தண்ணீர்மலை முருகன். உச்சி வேளையில் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. கையோடு கொஞ்சம் முறுக்கு, இரண்டு முழம் மல்லிகை, மனம் வைத்தால் ஒரு புடைவை. வெயில் தணிந்ததும் கார்ன்வாலிஸ் கோட்டை, மணிக்கூண்டு, கடற்காற்று. இருட்டிய பிறகு கொம்தார் உச்சி.

இந்த வரிசையில் லிட்டில் இந்தியா எப்போது வருகிறது என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில். பார்க்க வேண்டிய இடங்களுக்கு நடுவே வயிற்றைக் கவனிக்கும் இடம் அது. வெளிநாட்டுக்காரர்கள் காமிராவோடு அண்ணாந்து நிற்கும் அதே குவீன் தெருக் கோபுரத்தடியில், நாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நிறுத்திய காரில் சம்மன் ஒட்டியிருப்பார்களோ என்ற கவலையோடு நடையைக் கட்டுகிறோம். அந்த மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிற்கிறது. இந்தத் தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். நம்முடையது என்று ஆனபிறகு அது பார்க்கிற இடமாக இல்லை, கும்பிட்டுவிட்டுப் போகிற இடமாகிவிட்டது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பும்போது எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் தெரியாமலேயே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில்தான் ஒரு குடும்பம் தன்னைப்பற்றி என்ன நினைக்கிறது என்பது இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் தீர்மானித்தவர் அப்பா. எண்பதுகளின் பிற்பகுதி. நாங்கள் பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் குடியிருந்தோம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் தீவுக்குப் போவது என்றால் முன்னிரவே வீடு பரபரக்கும். அம்மா புளிச்சோறு கிண்டி, உருளைக்கிழங்கு பிரட்டி, தூக்குச்சட்டியில் அடைப்பார். 1985இல் பாலம் திறந்துவிட்டது, 13.5 கிலோமீட்டர் நீளம் என்று ஊரே பேசியது. ஆனாலும் அப்பாவுக்குப் பட்டர்வொர்த் பெர்ரிதான். பாலத்தில் போனால் ஐந்து நிமிடத்தில் தீவு வந்துவிடும், பெர்ரியில் போனால் தீவு மெல்ல மெல்ல வரும் என்பது அவர் கட்சி. தீவுக்குப் போகும்போதுதான் பெர்ரிக்குக் காசு, திரும்பி வர இனாம். அதையும் ஒவ்வொரு முறையும் ஏதோ தானே பேசி வாங்கிக் கொடுத்த சலுகை மாதிரிச் சொல்வார்.

படகு நடுவழிக்கு வந்ததும் கம்பியோரம் எங்களை நிறுத்திக் கையை நீட்டுவார். "அதோ, கொம்தார். 65 மாடி. பன்னிரண்டு பக்கம். 74ல கட்ட ஆரம்பிச்சு 86ல முடிச்சாங்க." அப்பா எதையும் அளவோடுதான் சொல்வார். கொடிமலைக்குப் போனால், அந்த இரும்புக்கயிற்று ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது என்பார். நடுநிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறும்போது, இதற்கு முன்னால் துரைமார்களை ஆட்கள் டோலியில் சுமந்துகொண்டு ஏறினார்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்வார். (2011க்குப் பிறகு பெட்டி மாற வேண்டியதில்லை, ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விடலாம்.) மணிக்கூண்டைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 1897இல் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் எழுந்தது. ஆண்டுக்கு ஓர் அடி, மொத்தம் 60 அடி. கட்டி முடித்தது 1902இல். அதற்குள் மகாராணி போய்ச் சேர்ந்துவிட்டார். "யாருக்காகக் கட்டினாங்களோ அவங்க பார்க்கல. நாம பார்க்கிறோம்" என்று சிரிப்பார்.

இத்தனை அளவும் ஆண்டும் சொன்ன மனிதர் கிங் தெருப் பக்கம் வரும்போது மட்டும் வாய் திறக்க மாட்டார். குவீன் தெருவில் கோயில், பினாங்கு தெருவில் சாப்பாடு, மார்க்கெட் தெருவில் மசாலைச் சாமான் என்று முடித்துக்கொண்டு, கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையில் எங்களை விறுவிறுவென்று நடத்திக்கொண்டு போவார். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டோம். கிங் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில்தான் அவர் பிறந்தார், தாத்தா அங்கிருந்துதான் கப்பல் மூட்டை தூக்கப் போனார் என்பதை எனக்குச் சொன்னவர் அம்மா. அதுவும் அப்பா காலமான பிறகு.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு போனோம். அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் பட்டியலில் முதல் இடம் கொம்தாருக்கு. உச்சியில், பிறகு கூட்டிக் கட்டிய 68ஆவது தளத்தில், கண்ணாடித் தரை போட்ட நடைபாதை இருக்கிறது. கீழே பார்த்தால் கால் கூசும். அடுத்தது ஆர்மீனியன் தெருவில், 2012இல் எர்னஸ்ட் சகாரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சுவரில் வரைந்த, மிதிவண்டியில் போகும் அக்காவும் தம்பியும். அந்தச் சுவரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டும். நின்றோம். மதியம் லிட்டில் இந்தியா. பழைய பாதை, பழைய நேரம்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது மகள் கேட்டாள்: "அம்மா, தாத்தா பிறந்த வீடு இங்கதானே? காட்டுங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "அங்கே பார்க்க என்ன இருக்கு? பழைய கடை. இந்த வெயில்ல பிள்ளைங்கள ஏம்மா அலைய விடறே?"

இருந்தாலும் போனோம். குவீன் தெருவுக்கு அடுத்த தெருதானே. உண்மையில் பார்க்க அதிகம் இல்லை. வரிசையான கடைவீடுகள், பலகைச் சன்னல்கள், சில சுவர்களுக்குப் புதுச் சாயம், சிலவற்றில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. அம்மா ஒரு வாசலில் நின்றார். பிறகு அடுத்ததில் நின்றார். "இதுவா அதுவான்னு சரியாத் தெரியல. கலியாணமான புதுசுல ஒருக்கா உங்கப்பா கூட்டி வந்து காட்டினாரு. வாசல்ல சாக்கு அடுக்கியிருக்கும். மாடிக்குப் போற படி ரொம்பக் குறுகல்." அவ்வளவுதான்.

"தாத்தாவோட அப்பா என்ன வேலை செஞ்சாரு பாட்டி?"

"மூட்டை தூக்கினாரு. ஆனா உங்க தாத்தா நல்லாப் படிச்சு கவர்மெண்டு கிராணி ஆயிட்டாரு."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே அம்மா மூச்சு விடவில்லை. முதலாவதைச் சொன்ன கையோடு இரண்டாவதைச் சொல்லி அதை மூடிவிட வேண்டும். நம் வீடுகளில் பாட்டன் கதை பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. பேரன் வைத்தியர், பேத்தி வழக்கறிஞர் என்ற முடிவுக்கு ஏறிப் போகிற முதல் படியாகத்தான் பாட்டன் வருகிறார். படிக்கு நீளம் அகலம் யார் பார்க்கிறார்கள்?

மகள் பார்த்தாள். "ஒரு மூட்டை எவ்வளவு கனம் இருக்கும்?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார், நான் கணவரைப் பார்த்தேன். கொம்தார் எத்தனை மாடி, மணிக்கூண்டு எத்தனை அடி என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பா ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. குனிந்து நடந்தவரின் மகன் அவர். தன் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும் என்று நினைத்தார். மகனைச் சபையில் முன்வரிசையில் உட்கார வைப்பதே தகப்பன் கடமை என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. முன்வரிசைக்குப் போகிறவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி என்று அவர் யோசித்திருக்கலாம். தன் அப்பாவின் முதுகை நாங்கள் கற்பனையில்கூடப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த பாசம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மறைப்பவர்கள் ஒரு வகை என்றால், கணக்கு நீட்டுபவர்கள் இன்னொரு வகை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். "நாங்க பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியப் போகுது? ஒரு வேளைச் சோறு..." என்று தொடங்குவார். பிள்ளைகள் கண் கைப்பேசிக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. பிள்ளைகள் செய்வதில் நியாயம் உண்டு. அந்தக் கதை கதையாகவா வருகிறது? பில்லாக வருகிறது. நான் இவ்வளவு செலவழித்தேன், நீ மார்க்காகவோ பணிவாகவோ கட்டு என்கிறது. கட்ட முடியாத கடன்காரன் கடன் கொடுத்தவரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வது இயற்கை.

மறைப்பதும் வேண்டாம், பில் நீட்டுவதும் வேண்டாம் என்றால் வேறு எப்படித்தான் சொல்வது? அப்பாவே வழி காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். மணிக்கூண்டைச் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். எந்த ஆண்டு, எத்தனை அடி, யார் பணம், எதற்காக. அழுகை வேண்டாம், அலட்டல் வேண்டாம். மகாராணியின் கோபுரத்துக்குக் கொடுக்கும் அதே விவரத்தைத் தாத்தாவின் முதுகுக்கும் கொடுத்தால் போதும். விவரம் கொடுப்பதே ஒரு மரியாதை.

சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் பினாங்குக் கால்வாயில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்காங் என்ற அகலப் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். தொங்காங்கிலிருந்து கரைக்கு ஒரு பலகை. அதில் முதுகில் மூட்டையோடு நடந்து, வெல்ட் கீ, பீச் தெருப் பக்கத்துக் கிடங்குகளில் அடுக்க வேண்டும். ஆட்களைச் சேர்த்து மேய்ப்பவர் தண்டல். பர்மா அரிசி, சயாம் அரிசி, மிளகு, பாக்கு, ஈயம் என்று எதையும் பிக்குல் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு பிக்குல் என்பது 100 காத்தி. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 60 கிலோ. ஓர் ஆள் தோளில் சுமக்கக் கூடியது எவ்வளவோ அதை வைத்து வந்த அளவு அது. மகாராணிக்கு 60 அடி. தாத்தாவுக்கு 60 கிலோ. கோபுரத்தை ஒரு தரம் கட்டினால் போதும், மூட்டையை ஒவ்வொரு நாளும் தூக்க வேண்டும்.

இதைச் சொன்னால் மகளுக்கு என் மேல் பாவம் வராது. தாத்தா மேலும் வராது. வரத் தேவையில்லை. அவள் மனத்தில் ஒரு பலகை, ஒரு முதுகு, ஓர் எடை தங்கினால் போதும்.

அதன்பிறகு அதே ஊரைப் பார்த்தால் ஊரே வேறாகத் தெரிகிறது. கார்ன்வாலிஸ் கோட்டையில் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1786 ஜூலையில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது காடு அடர்ந்து கிடந்ததாம். வெட்ட ஆள் முனையவில்லை. லைட் பீரங்கிக் குழாயில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியே ஆட்கள் காட்டை வெட்டித் தீர்த்தார்களாம். நல்ல கதை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. அதில் சுட்டவருக்குப் பெயர் இருக்கிறது. காசுக்கு உலோகம்கூட இருக்கிறது. வெட்டியவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டைச் செங்கல்லிலும், 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. காலில் விலங்கோடு வந்தவர்கள் இந்த ஊரின் சாலைகளைப் போட்டார்கள். வெள்ளைத் தூண்களைப் படம் எடுக்கும் நாம், நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஓர் அழகைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

நம்மவர்களுக்குள்ளேயும் இதே கதைதான். பினாங்கு தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒவ்வொரு பெட்டியடிக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் ஏடு. அவர்கள் கட்டிய கோயில் நிற்கிறது. 1894இல் வந்த வெள்ளித்தேர் இன்றும் தைப்பூசத்துக்குப் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. சோழியர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. பணம் இருந்தவர்கள் கல்லில் தங்கினார்கள். இல்லாதவர்கள் எங்கே தங்கினார்கள் என்றால், எனக்குத் தெரிந்து, ஓர் இடத்தில் நிச்சயம் தங்கியிருக்கிறார்கள்: சாப்பாட்டில். இன்று பெரியவர் சிறியவர் எல்லாரும் வரிசை பிடித்து வாங்கும் நாசி கண்டார், அன்று தமிழ் முஸ்லிம்கள் காவடித்தடியின் இரு முனையிலும் சோற்றுப்பானையும் குழம்புச்சட்டியும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு. வயிறு நிறைய, சீக்கிரம், மலிவாக. அதைச் சொன்னபோது என் மகன் முதல்முறையாகக் காது கொடுத்தான். அன்று மதியம் அவன் இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிய சாப்பாடு, அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் காலைச் சாப்பாடாகவும் இருந்திருக்கலாம். தேவாலயத் தூணைவிட அது அவனுக்குப் பக்கத்தில் இருந்தது.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, நம் விமானங்கள் என்று நினைத்து இந்தத் தெருக்களில் மக்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டு நின்றார்கள். நின்றவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் போரின் குண்டுவீச்சில்தான் மணிக்கூண்டு சற்றே சாய்ந்தது. இன்றும் உற்றுப் பார்த்தால் தெரியும். கோபுரத்தின் சாய்வைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். தெருவில் நின்றவர்களைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

என் கணவர் ஓர் ஆட்சேபம் சொன்னார். "சுத்திப் பார்க்க வந்தோம். பிள்ளைங்க சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. எல்லா இடத்தையும் பாடமாக்கணுமா?" அவர் சொல்வதும் சரி. ஒருநாள் சுற்றுலாவை வரலாற்று வகுப்பாக்கினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். கிங் தெருவில் நாங்கள் நின்றது மொத்தமே ஐந்து நிமிடம் இருக்கும். மகனுக்கு அதற்குள் செண்டோல் நினைவு வந்துவிட்டது. பினாங்கு ரோட்டுக்குப் போய் வாங்கிக் கொடுத்தோம். அவனுக்கு அந்த நாள் செண்டோல் நாளாகவே நினைவிருக்கும். இருக்கட்டும். காட்டுவது நம் வேலை. வியக்கச் சொல்வது நம் வேலை இல்லை. ஒரு பிள்ளை எடையைக் கேட்கும், இன்னொன்று இனிப்பைக் கேட்கும். எது எப்போது முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் பாடமே வேண்டாம் என்பதை நான் ஒப்பமாட்டேன். கோபுரங்களை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை, தன்னை இந்த ஊருக்கு டிக்கெட் வாங்கி வந்த ஆளாகவே நினைத்துக்கொள்ளும். நல்ல ஊர், உயரமான கட்டடம், பார்த்தாயிற்று, போகலாம். மூட்டையையும் பலகையையும் கேட்டறிந்த பிள்ளைக்கு இங்கே ஒரு பங்கு இருப்பது தெரியும். இந்த நாட்டில் அவ்வப்போது யாராவது ஒருவர் நம்மை வந்தேறிகள் என்று சொல்லிவைப்பார். நமக்குக் கோபம் வரும். இரண்டு நாள் கொதித்துவிட்டு அடங்கும். கோபத்தைவிட உறுதியான பதில் ஒன்று உண்டு: இந்த ஆண்டில், இந்தத் துறையில், இவ்வளவு எடையை, இவர் சுமந்தார், அந்த அரிசியை இந்த ஊர் தின்றது. அந்தப் பதிலுக்கு விவரம் வேண்டும். விவரத்தை நாமே கூச்சப்பட்டு மறைத்துவிட்டால் கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

விவரம் சேர்க்க நாளும் நிறைய இல்லை. துறைமுக வேலை பெட்டகங்களோடு அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போய் நீண்ட காலம் ஆகிறது. இக்கரையில் ஸ்வெட்டன்ஹாம் துறைக்கு இப்போது வருவது சுற்றுலாக் கப்பல்கள். பழைய நகரத்து வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதன் பிடி 1999 முடிவோடு தளர்ந்தது; தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் மாடிகளில் குடியிருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் அக்கரைக்கும் கலைந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது, அந்தச் சுவர்களுக்குக் காவல் கிடைத்தது. அந்தச் சுவர்களுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டியவர்களில் பலர் அங்கே இல்லை. எங்கள் அப்பா எங்களை ஏற்றிப் போன அந்தப் பெரிய இரண்டடுக்குப் பெர்ரிகளும் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்ந்தன. சுவருக்குச் சாயம் பூச அரசாங்கம் இருக்கிறது, ஓவியம் வரைய ஓவியர் இருக்கிறார். ஒரு குறுகலான மாடிப்படியில் எத்தனை பேர் படுத்தார்கள், சமைத்தது யார், தண்டல் கூலியைக் கையில் கொடுத்தாரா கணக்கில் எழுதினாரா என்பதையெல்லாம் கேட்க வேறு யாரும் வரமாட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.

ஆகவே குடும்பத்தோடு பினாங்குக்குக் கிளம்புபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடிமலைக்குப் போங்கள். கொம்தார் கண்ணாடியில் கால் கூச நில்லுங்கள். எதையும் விட வேண்டாம். சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா வரும்போது மட்டும் ஒரு கால் மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் குவீன் தெருவில் இருந்தவர்களா, பூ கட்டியவர்களா, மசாலை அரைத்தவர்களா, தோட்டத்திலிருந்து தீபாவளித் துணிக்கு மட்டும் வந்து போனவர்களா, எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். கூடவே வரும் பாட்டியோ தாத்தாவோ "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், அதைத் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்குத்தான் தெரியும் அங்கே என்ன இருந்தது என்று. எப்படி இருந்தது என்று கேட்டால் பெருமூச்சு வரும். எவ்வளவு, எத்தனை, எந்த வருசம் என்று கேட்டால் பதில் வரும். அம்மாவிடம் அப்படித்தான் இப்போது கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடி வாடகையில் தொடங்கி, ஒரு பக்கம் நிரம்பியிருக்கிறது.

மணிக்கூண்டின் கதையைப் பணம் கொடுத்தவர் தரப்பு அன்றே எழுதி வைத்தது; அதனால்தான் அப்பாவுக்கு அது மனப்பாடமாக இருந்தது. மூட்டையின் கதையை எழுத வேண்டிய தரப்பு நாம். அதற்குக் கல்வெட்டெல்லாம் வேண்டாம், பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் மீந்திருக்கும் பக்கங்களே போதும்.